மேடையில் சாய்ந்த தலைவர்

1882ஆம் ஆண்டு மே 30ஆம் நாள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாஸசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பட்டமளிப்பு விழா. அக்கழகத்தை நிறுவிய வில்லியம் பார்ட்டன் ராஜர்ஸ் என்னும் எழுபத்தேழு வயது முதியவர் பேச எழுந்தார். நிலவியல் அறிஞரான அவர், பழைய ஆராய்ச்சியொன்றை நினைவுகூர்ந்து நிலக்கரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த சொல் வரவில்லை. மேடையிலேயே சாய்ந்து உயிர் நீத்தார்.

அந்தப் பொறியியல் கூடம் நின்றுவிடவில்லை. மின்பொறியியலுக்கென அங்கே தனிப் பாடத்திட்டம் தொடங்கப்பெற்றதும் அதே 1882இல்தான். இதைப் படித்தபோது நம் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. தலைவரை இழந்த நிறுவனம் வழக்கம்போல் இயங்குவது அவருக்குக் காட்டும் நன்றியா, நன்றி மறத்தலா?

பிரிவாற்றாமல் செயலற்றுப் போவதே பேரன்பு என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. அவர்களை நாம் இகழ மாட்டோம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மறைந்த அன்று, நெஞ்சுரம் மிக்க உமர் (ரலி) அவர்களே அதனை ஏற்க மறுத்து நின்றார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் வந்து, அல்லாஹ் ஒருவனே மரணமற்றவன் என்பதை நினைவூட்டி, ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 144ஆம் வசனத்தை ஓதிய பின்னரே உமர் (ரலி) அவர்களுக்கு உண்மை உறைத்தது. அபூபக்ர் (ரலி) அவர்களின் அன்பு குறைந்தது என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? (ஒரு கல்லூரியின் இழப்பை அம்மாபெரும் துயருடன் நிறுத்துப் பார்க்கிறோம் என்று எவரும் எண்ணவேண்டா. துயருற்றோரின் கடமை எது என்பதற்கே இதனைச் சொன்னோம்.)

கல்விக்கூடம் ஓர் அமானத்து. அமானத்தைக் காப்பவர் மறைந்தால் அதற்குரியவரின் உரிமை மறைவதில்லை. இங்கே உரியவர் மாணாக்கர்.

இதனை ராஜர்ஸ் உணர்ந்திருந்தார் என்றே தோன்றுகிறது. 1861இல் சாசனம் பெற்று, 1865இல் பதினைந்து மாணவருடன் வகுப்புகளைத் தொடங்கியவர் அவர். 1870இல் உடல் நலிவுற்றதும் ஜான் ரங்கில் என்னும் கணிதப் பேராசிரியரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். பணமுடை கழகத்தை வாட்டிற்று. 1878இல் முதுமையோடு மீண்டும் சுமையை ஏற்றார். 1881இல் பிரான்சிஸ் வாக்கரிடம் தந்து விலகினார். தம் சாயலில் ஒருவரை அவர் தேடவில்லை என்பதே நம்மை வியக்க வைக்கிறது. வாக்கர் போர்க்களம் கண்டவர், பொருளியலாளர், 1870, 1880 ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியவர். நிலவியலுக்கும் அவருக்கும் தொடர்பில்லை. ஆயினும் 1897இல் அவர் திடீரென மறைவதற்குள் மாணவர் தொகை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று.

தம்மைப் போன்றவரே தமக்குப்பின் வரவேண்டும் என்று ஏங்கி, எவரையும் பழக்காமலே கண்மூடிய பெரியவர்களை நாம் அறிவோம். அவர்களுடைய மதரஸாக்களின் பூட்டையும் அறிவோம்.

செல்வமும் கட்டடமும் இருந்தால் எந்த நிறுவனமும் தானே ஓடும் என்பாருக்கு 1904, 1905 ஆண்டுகளின் வரலாறு விடை தரும். கழகத்தை ஹார்வர்டு பல்கலைக்கழகத்துடன் இணைக்க முயற்சி நடந்தது. அன்றைய தலைவரே அதற்கு இசைந்தார். எதிர்த்து நின்றவர்கள் ஆசிரியர்களும் பழைய மாணவர்களுமே. இறுதியில் கழகத்தின் நிலத்தை விற்கலாகாது என நீதிமன்றம் தீர்ப்பளிக்க, அம்முயற்சி கைவிடப்பட்டது. ராஜர்ஸ் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. அமானத்து அதற்குள் பலர் கைகளுக்குப் பரவியிருந்தது போலும்.

தலைமையை இழந்த ரங்கிலின் கதையையும் சொல்லிவிட வேண்டும். நெருக்கடிக் காலத்தில் தலைவராயிருந்து 1878இல் விலகிய அவர் மனம் கசந்து ஒதுங்கியிருக்கலாம். சிலகாலம் ஐரோப்பாவில் இருந்துவிட்டு, தாம் தலைமை வகித்த அதே கழகத்திற்கு வெறும் கணித ஆசிரியராகத் திரும்பி வந்தார். பிறர் தலைமையின் கீழ்ப் பல்லாண்டுகள் பாடம் நடத்தினார். 1902இல் மறைந்தார்.