அடுப்படிச் சுவர்

விழுப்புரத்தில் நம் நண்பர் ஒருவருக்குப் பழைய ஓட்டு வீடு ஒன்று உண்டு. அதை இப்போது சகோதரர்கள் பாகம் பிரித்துக்கொள்கிறார்கள். திண்டிவனத்தில் வேலை பார்க்கும் மகனோடு போய் இருப்பதென்று நண்பர் முடிவு செய்து, அங்கே 800 சதுர அடி மனையில் வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. கொத்தனார் மற்றச் சுவர்களையெல்லாம் லிண்டல் மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒரே ஒரு சுவரை மட்டும் தொடவில்லை. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே சுவர் வேண்டும் என்கிறார் தகப்பனார். வேண்டாம், இக்காலத்து 'ஓப்பன் கிச்சன்' ஆக இருக்கட்டும் என்கிறார் மகன். மூன்று வாரமாக வேலை நின்றிருக்கிறது.

"நீங்களே சொல்லுங்கள் பாய், மார்க்கத்தில் இதற்கு என்ன இருக்கிறது?" என்று நம்மைக் கேட்டார்கள்.

அடுப்படிக்கு இத்தனை சுவர் என்று மார்க்கத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. ஆனால் கேள்வி அத்தோடு முடிந்துவிடவுமில்லை. வீட்டிலிருப்பவளின் மறைவு, வருகிறவனின் பார்வை, அடுப்பின் முன் நிற்பவளின் உரிமை ஆகிய மூன்றைப் பற்றியும் மார்க்கம் நிறையவே பேசுகிறது.

தகப்பனாரின் கட்சியை முதலில் எடுத்துக்கொள்வோம். விழுப்புரம் ஜங்ஷன் ஊர். சென்னை, திருச்சி, காட்பாடி, புதுச்சேரி என்று எந்தப் பக்கத்து ரயிலில் வந்தவரும் நேரங்கெட்ட நேரத்தில் வாசலில் நின்று ஸலாம் சொல்வார். திண்ணையில் உட்காரவைத்தால் போதும். கூடம், முற்றம் எல்லாம் தாண்டிப் பின்கட்டில் இருக்கும் அடுப்படியில் பெண்கள் தலைத்துணியை இழுத்துவிடவும் வேண்டியதில்லை. "அந்தக் கண்ணியம் போய்விடுமே" என்கிறார் அவர். அவர் கவலை பொய்யன்று.

ஆனால் அந்தப் பழைய அடுப்படி உண்மையில் மூடிய அடுப்படிதானா? கூடத்துப் பக்கம் மூடியிருந்தது, கொல்லைப்பக்கம் திறந்திருந்தது. கிணறும் அம்மியும் அங்கேதான். பக்கத்து வீட்டுப் பெண்கள் கொல்லை வழியாகவே வந்து, ஆணத்துக்கு உப்புப் பார்த்துவிட்டுப் போவார்கள். காயல்பட்டினத்தைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். அங்கே வீட்டுக்கு வீடு பெண்கள் போய்வர முடுக்கு என்று தனிப்பாதையே இருக்கிறது. கோஷாவைக் கடைப்பிடித்த அந்தப் பெண்கள் தனித்துக் கிடக்கவில்லை. 800 சதுர அடி மனையிலோ மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள். மிச்சமிருக்கும் நாலாவது பக்கத்தையும் அடைத்துவிட்டு அதற்குப் பழைய வழக்கம் என்று பெயர் சூட்டுவது, நம் பாட்டிமாரின் வீட்டை நாம் சரியாகப் பார்க்கவில்லை என்பதையே காட்டும்.

மகன் தரப்பில் சொல்வதற்கும் இருக்கிறது. இடம் விசாலமாகத் தெரியும், காற்று வரும், ஆண்களும் ஒரு கை கொடுப்பார்கள் என்கிறார். "ஆண்பிள்ளை அடுப்படியில் நிற்பதா?" என்று தகப்பனார் சீறியபோது நாம் குறுக்கிட நேர்ந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, குடும்பத்தாரின் பணியில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியிருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. ஆண்களை வேலையிலிருந்து தப்புவிக்கும் சுவருக்குப் பர்தா என்று பெயரில்லை.

நிற்க. இவ்வளவும் பேசி முடிக்க ஒரு மணி நேரமாயிற்று. இடையில் இரண்டு முறை தேநீர் வந்தது. திரைச்சீலைக்கு அப்பாலிருந்து ஒரு கை நீட்டியது, நண்பர் வாங்கி வைத்தார். அப்போதுதான் நமக்கே வெட்கமாகிவிட்டது. அந்த அடுப்படியில் நிற்கப்போகிற இருவரும் திரைக்குப் பின்னால் இருக்க, ஒருபோதும் நிற்கப்போகாத நாம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கேட்டோம். நாம் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது விடை.

"சுவர் வேண்டாம் அண்ணே" என்றார் நண்பரின் மனைவி. "நாற்பது வருஷம் சவுக்கு விறகுப் புகையிலே உட்கார்ந்து, கூடத்திலே நீங்களெல்லாம் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டே ஊதியிருக்கிறேன். என்ன பேசிச் சிரித்தீர்கள் என்று தெரியாது. இனியாவது முகம் பார்த்துச் சமைக்கிறேனே."

மருமகளோ, "சுவர் இருக்கட்டும் மாமா" என்றார். இப்போது குடியிருக்கும் திண்டிவனத்து வாடகை வீட்டில் அடுப்படி திறந்தே கிடக்கிறதாம். கணவரின் தம்பி, தம்பியின் கூட்டாளிகள் என்று கூடத்தில் யாராவது இருந்துகொண்டே இருப்பார்களாம். சித்திரை வெயிலில் அடுப்பின் முன் நின்றும் தலைத்துணியைத் தளர்த்த முடிவதில்லை. "எனக்கென்று ஒதுங்க ஒரு மூலை இல்லை" என்றார்.

மாமியார் கேட்டது துணையை, மருமகள் கேட்டது மறைவை. இரண்டுமே அவரவர் ஹக்கு. அருள்மறையின் அந்நூர் அத்தியாயம் (24:58), சுப்ஹுக்கு முன்பும், ஆடை களைந்து இளைப்பாறும் நண்பகலிலும், இஷாவுக்குப் பின்பும் வீட்டுச் சிறுவர்கள்கூட அனுமதி கேட்டே உள்ளே வரவேண்டும் என்கிறது. துணியைத் தளர்த்திக்கொள்ளும் நேரம் ஒன்று மனிதருக்கு உண்டு என்பதை அல்லாஹ்வே ஏற்றுச் சட்டமாக்கியிருக்கிறான். மற்றொரு பக்கம், சமைத்துக் கொண்டுவரும் பணியாளரையும் உடன் அமர்த்தி உண்ணச் செய்யுங்கள், உணவு குறைவானால் ஓரிரு கவளமாவது கொடுங்கள், அதன் சூட்டையும் புகையையும் தாங்கியவர் அவரல்லவா என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருப்பதை முஸ்லிம் கிரந்தத்தில் காண்கிறோம். பணியாளருக்கே இப்படி என்றால், பிள்ளைகளைப் பெற்றவள் எல்லோரும் எழுந்தபின் சட்டியின் அடியைச் சுரண்டி உண்பது எந்தக் கணக்கில் சேரும்? சூடும் புகையும் என்பது வெறும் பேச்சன்று. வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகை முதலியவற்றால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

'திரை' பற்றிய திருவசனத்தையும் (33:53) இங்கே நினைக்கவேண்டும். அன்னை ஜைனப் (ரலி) அவர்களின் வலீமா விருந்தில் உண்டு முடித்தவர்களில் சிலர் எழுந்து போகாமல் பேச்சில் ஆழ்ந்திருந்ததையொட்டி அது இறங்கியது. வசனம் முதலில் கண்டிப்பது விருந்தாளியைத்தான். அழைக்காமல் நுழையாதே, உண்டபின் உட்கார்ந்துகொண்டிராதே என்கிறது. திரை அதற்குப் பிறகே வருகிறது. திரை என்றால் துணி. இழுக்கலாம், விலக்கலாம். செங்கல்லை அப்படிச் செய்ய முடியாது.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோது ஜெர்மனி தேசத்துச் செய்தி ஒன்று நினைவுக்கு வந்தது. 1926இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஓர் அடுப்படியை வகுத்தார். அகலம் இரண்டு மீட்டர்கூட இல்லை. கூடத்தை நோக்கி ஒரு தள்ளுகதவு வைத்தார். திறந்தால் பிள்ளைகள் கண்ணில் படுவார்கள். மூடினால் புகையும் வாடையும் அங்கே போகாது.

திண்டிவனத்திலும் தள்ளுகதவு வைக்கலாமே என்றோம். மருமகள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அடுப்படிப் பக்கம்தான் என்று நாம் சொல்வதற்குள் நண்பரே அதைச் சொல்லிவிட்டார். மகன் மட்டும் கொழுந்தனைப் பற்றி ஒன்றும் பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையைத் தாழ்த்தும் கட்டளை (24:30) முதலில் ஆண்களுக்கே வந்தது என்பதைத் தம்பியிடம் அவர்தான் சொல்லியாகவேண்டும். அதைக் கொத்தனாரிடம் விட முடியாது.

கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவும் என்பதால், வெளிச்சுவரில் தரையை ஒட்டி ஒரு துவாரம் விடும்படியும் சொல்லிவந்தோம். தள்ளுகதவுக்குத் தேக்கா, அலுமினியமா என்ற வழக்கு இனிமேல்தான் ஆரம்பம். நண்பரின் மனைவி அதிலெல்லாம் தலையிடவில்லை. மணையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும்போதும் கூடம் தெரியும்படி கதவில் கண்ணாடி எவ்வளவு தாழ்வாக வேண்டும் என்று கையால் அளந்து காட்டினார்.