இழுக்கும் சக்கரம்

குற்றவாளி யார் என்று தீர்மானிப்பதில் நமக்கிருக்கும் அவசரத்தை ஒரு பழைய லாரி அம்பலப்படுத்திவிடுகிறது. அமெரிக்காவில் 1953-ல் வெளிவந்த போர்டு எப்-100 பிக்கப் லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். வயதான வண்டியில் பிரேக்கை மிதித்தால் இடப்பக்கம் இழுக்கிறது என்று வையுங்கள். உடனே இடது சக்கரத்தைத்தான் சந்தேகிப்போம். அதுவோ, பாவம், தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். வலது சக்கரத்துச் சிலிண்டர் துருவேறி இறுகியிருக்கலாம். அல்லது ரப்பர்க் குழாய் உள்ளுக்குள்ளேயே தூர்ந்து பிரேக் ஆயிலைத் தடுக்கலாம். வெளியே பார்த்தால் குழாயில் ஒரு கீறல்கூட இராது! வலது சக்கரம் ஓடிக்கொண்டேயிருக்க, இடது மட்டும் நிற்கப் பார்க்கிறது; வண்டி அதன் பக்கம் திரும்புகிறது.

குடும்பத்தில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? சத்தம் போடுகிற மருமகள் கண்ணில் படுகிறாள். வாயே திறக்காமல் பொறுப்பைத் தட்டிக் கழித்த மகனை யார் பார்க்கிறார்கள்?

அதற்காக இழுப்பவரெல்லாம் நிரபராதி என்று சொல்லிவிடவும் முடியாது. ஆயில் கசிந்து லைனிங்கில் பட்டால், அந்தச் சக்கரமே வெடுக்கென்று பிடித்துக்கொள்வதும் உண்டு. டயர்களில் காற்று சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முன்சக்கரம் இரண்டையுமே கழற்றித்தான் ஆகவேண்டும். லைனிங்கை மாற்றுவதானாலும் நல்ல மெக்கானிக் ஒரு பக்கம் மட்டும் மாற்றமாட்டார், ஜோடியாகத்தான் மாற்றுவார்.