ஜாமீன் கையெழுத்து

'பி.பி. செக் பண்ணீங்களா?' என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். 'எனக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கேன்' என்பார்கள்.

நானும் அப்படிச் சொன்னவன்தான். நாற்பத்து மூன்று வயதில் டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, '160/100' என்றார். தினம் ஒரு மாத்திரை. இரண்டே மாதத்தில் 130/80. 'அதான் சரியாயிடுச்சே!' என்று நானே நிறுத்திவிட்டேன். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. மனைவி கேட்டால் மட்டும், 'போட்டாச்சு' என்பேன்.

ஒருநாள் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்துவிட்டாள். திட்டவில்லை. 'உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடறது நான்தானே? எங்கிட்ட எதுக்குப் பொய்?' என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பது பெரிய மனிதர்களுக்கும் உண்டு. அமெரிக்க ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் ஹோவர்டு ப்ரூன் என்ற இதய மருத்துவர் பரிசோதித்தார். 186/108. இதயமும் பெருத்திருந்தது. அதன்பின் ப்ரூன் அடிக்கடி வந்து பார்த்தார். 'ஏன் இத்தனை தடவை வர்றீங்க? எனக்கு என்ன?' என்று ரூஸ்வெல்ட் கேட்டதே இல்லை என்று ப்ரூன் பின்னாளில் எழுதினார். ஓர் உலகப் போரையே நடத்தியவர்! 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக் கசிவு. அன்று பதிவான அளவு 300/190. வயது 63.

அவருக்காவது ஒரு நியாயம் உண்டு. சுலபமாகத் தினமும் போட்டுக்கொள்ளும் நல்ல மாத்திரைகள் 1950-களின் கடைசியில்தான் வந்தன. நமக்கு? ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமலே கொடுக்கிறார்கள். 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது வீட்டு வாசலுக்கே வந்தது.

'என் உடம்பு, என் இஷ்டம்' என்கிறோம். நான் பி.காம். படித்தவன், கணக்கு கொஞ்சம் தெரியும். கடன் வாங்குபவர் ஒருவர். கட்டத் தவறினால் மாட்டுபவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர். நாளைக்கு ஒரு கை, ஒரு கால் விழுந்துவிட்டால், படுக்கையில் திருப்பிப் போடுவதும் சோறு ஊட்டுவதும் நாமா? மனைவியைக் கேட்காமலே அவளை ஜாமீன் ஆக்கியிருந்தேன். கடன் எவ்வளவு என்பதையும் மறைத்தேன். அதுதான் அந்தப் பொய்.

'அப்போ ஆயுசு முழுக்கப் பயந்துகிட்டே இருக்கணுமா?' என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம். ஊறுகாயையும் அப்பளத்தையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள், நடங்கள், டாக்டர் சொன்ன மாத்திரையைப் போடுங்கள். நிறுத்துவதா வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும். என் டாக்டர் சிரித்துக்கொண்டே கேட்டார்: 'குடை பிடிச்சதால நனையல. மழை விட்டுடுச்சுன்னு யார் சார் சொன்னது?'

இப்போதெல்லாம் காலையில் மனைவி எதிரிலேயே விழுங்குகிறேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அந்த நம்பிக்கை திரும்பி வரக் கொஞ்ச நாளானது.

உங்களுடைய கடைசி பி.பி. அளவு எவ்வளவு? சரி, அது உங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்?