இரண்டு பான் கார்டு, ஓர் அடுப்பு

துறையூர் மாதிரி ஊர்களில் கணவன், மனைவி இருவருமே ஆசிரியர்களாக இருக்கும் வீடுகள் நிறைய. பொங்கல் முடிந்ததும் அந்த வீடுகளில் வருமான வரிப் பேச்சு தொடங்கிவிடும். "ஏங்க, பேங்க்ல வட்டி சர்டிபிகேட் வாங்கிட்டீங்களா? பையனோட ஸ்கூல் ஃபீஸ் ரசீதை நான் காட்டிக்கிறேன். உங்களுக்குத்தான் ஜி.பி.எஃப்.லயே ஒன்றரை லட்சக் கழிவு நிரம்பிடுதே." புதிய வரிமுறை வந்தபின் இந்தப் பேச்சு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

ரசீதுகளை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் இருவருக்கும் சேர்த்து ஒரே வரிப் படிவம் போட முடியாது. அமெரிக்காவில் தம்பதிகள் 1948 முதல் வருமானத்தைக் கூட்டி, இரண்டாக வகுத்து வரி கட்ட வழி இருக்கிறது. இருவரும் கையெழுத்திட வேண்டும், பாக்கிக்கும் இருவரும் பொறுப்பு. பிரிட்டனில் 1990 வரை மனைவியின் வருமானம் கணவனுடையதாகவே கருதப்பட்டது. நம் சட்டத்திலோ இந்துக் கூட்டுக் குடும்பம் தனியொரு ஆளாக வரி கட்டலாம், தம்பதி கட்ட முடியாது. பாட்டன் சொத்துக்கு இருக்கும் அந்தஸ்து தாலிக்கு இல்லை.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் சட்டம் தம்பதியை உற்றுப் பார்க்கிறது. கணவன் தன் பணத்தை மனைவி பெயரில் டெபாசிட் போட்டால், வட்டியைக் கணவன் வருமானத்தில்தான் சேர்க்க வேண்டும். மனைவி கொடுத்துக் கணவன் பெயரில் போட்டால் மனைவி வருமானத்தில். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் 64-ஆம் பிரிவில் வகுத்த விதி இது. வரியைக் குறைக்கப் பெயரை மாற்றும் தந்திரத்தைத் தடுக்க வந்தது. அதில் ஒரு நுணுக்கம் உண்டு: அந்த வட்டியை மனைவி மறுபடி முதலீடு செய்தால், அதில் வரும் வட்டி அவளுடைய வருமானம். முதல் அவனுக்கு, வட்டிக்கு வட்டி அவளுக்கு! இதை எழுதியவர் குடும்பஸ்தராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் யாருடைய பணம் என்று கேட்கிறது இந்த விதி. வீட்டுக்குள் நாம் கேட்கத் தயங்கும் கேள்வி அது. இருவர் சம்பளமும் வரும் வீட்டில் பெரும்பாலும் கணவர் சம்பளம் வீட்டுக்கடன் தவணைக்கும் மனைக்கும் போகிறது. மனைவியின் சம்பளம் அரிசி, பால், மாமியாரின் மாத்திரை என்று கரைகிறது. பத்து வருஷம் கழித்துப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் அவர் பணம் செங்கல்லாக நிற்கும். மனைவியின் பணத்துக்கு மளிகைச் சிட்டைகூட மிஞ்சாது. அந்தச் சிட்டை இல்லாமல் அந்தச் செங்கல் ஏறியிருக்காது என்பதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

வேலைக்கே போகாத மனைவி என்றால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு வழக்கில் அதற்குப் பதில் சொன்னார். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பினார். மனைவி இங்கே பிள்ளைகளை வளர்த்தார். அந்தப் பணத்தில் வாங்கிய சில சொத்துகளில் மனைவிக்குச் சரிபாதி உண்டு என்பது தீர்ப்பு. வீட்டை அவர் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது என்பது அதன் அடிப்படை.

வரிச் சட்டம் பணம் எந்தக் கையிலிருந்து வந்தது என்பதோடு நிற்கிறது. இந்தத் தீர்ப்பு அந்தக் கையை வேலைக்கு அனுப்பி வைத்த கையையும் பார்த்தது. அப்படிப் பார்த்தால் கல்யாணத்துக்குப் பின் தனி ஒருவர் சம்பாதித்த சம்பளம் என்று எதையும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. காசோலையில் பெயர் ஒன்றாக இருக்கலாம், உழைப்பு இரண்டு.

2025 பட்ஜெட்டுக்கு முன் இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம், விரும்பும் தம்பதிகளுக்கு இணைப் படிவம் வேண்டும் என்று யோசனை சொன்னது. வந்தால் ஒரே சம்பளத்தில் ஓடும் வீடுகளுக்கு வரி குறையலாம். வரட்டும். ஆனால் அப்போதும் மனைவிக்குத் தனி வங்கிக் கணக்கு இருக்க வேண்டும், மிச்சமாகும் வரியில் பாதி அதில் விழ வேண்டும். அதைப் படிவம் செய்யாது. வீட்டில்தான் பேசி முடிக்க வேண்டும், அதுவும் ஆடிட்டரைப் பார்க்கப் போவதற்கு முன்பே.