பிறர் நாவால் பேசும் வணிகர்

ஐப்பசி மழைக்கு அஞ்சி, அறுத்த குறுவை நெல்லைத் தார்ச்சாலையில் பரப்பி உலர்த்தும் உழவர்களைத் தஞ்சைத் தரணியில் நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்பது பொது விதி. நெல்லின் ஈரத்தை அளக்கக் கருவி உண்டு. அந்நெல் அரிசியாகிப் பையில் ஏறிய பின், பையின்மேல் அச்சிட்ட சொல்லை அளக்கும் கருவி எது?

மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்றார் விற்பவர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட பெருமானார், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான நிகழ்ச்சி. மழை அவ்வணிகரின் குற்றமன்று, மறைத்ததே குற்றம்.

ஒருவரே கடையில் அமர்ந்து விற்கும்வரை இக்கடமை எளிது. குறையை அறிந்தவரும் அவரே, சொல்ல வேண்டியவரும் அவரே. வணிகம் வளரும்போது அறிபவர் ஒருவர், சொல்பவர் வேறொருவர் என்றாகிறது. மன்னார்குடியில் அரைத்த அரிசியைச் சென்னையில் முகவர் விற்கிறார். விளம்பரத்தை மற்றொருவர் எழுதுகிறார். பழைய அரிசிக்கு விலை அதிகம். புதிய அரிசி குழையும். புதியதைக் கலந்து 'பழைய பொன்னி' என்று விற்கும்படி முதலாளி வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை. இத்தனை மூட்டை விற்றால்தான் ஊக்கத்தொகை என்று விதித்துவிட்டு, கேள்வி கேளாமல் இருந்தாலே போதும். அப்பொய் யாருடைய ஏட்டில் எழுதப்படும்?

ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்பது திருமறையின் நெறியன்றோ எனச் சிலர் வினவலாம். உண்மை, சொன்னவர் தம் பொய்க்குப் பொறுப்பாளியே. ஆனால் அப்பொய்க்கு வழி வகுத்தவரின் சுமை அவருடையது.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 80–150) கூஃபா நகரின் துணி வணிகர். குறையுள்ள துணி ஒன்றை, அக்குறையைச் சொல்லி விற்கும்படி கூறித் தம் கூட்டாளி ஹஃப்ஸிடம் அனுப்பினார்கள். அவர் சொல்ல மறந்து விற்றுவிட்டார்; வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் கிடைத்த தொகை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என அவர்களின் வரலாற்று நூல்கள் கூறும். 'நான் சொல்லித்தானே அனுப்பினேன்' என்று அவர்கள் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. பிறர் நாவால் வந்த பணமும் தம் பெட்டியில்தான் விழுகிறது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

'உண்மை பேசுங்கள்' என்று சுவரில் எழுதி வைப்பது பணியாளரை உருவாக்குவது ஆகாது. 'இதில் புதிய அரிசி கலந்திருக்கிறது' என்று வாடிக்கையாளரிடம் சொல்லி, விற்பனையை இழந்து திரும்பும் இளைஞரின் அம்மாத ஊதியம் குறைகிறதா, இல்லையா? குறையுமானால், உண்மையின் விலையை அந்த ஏழையின் தலையில் கட்டிவிட்டு, பொய்யின் ஆதாயத்தை நாம் பெற்றுக்கொள்கிறோம். அவ்விழப்பை முதலாளியின் பங்கிலிருந்து கழிப்பதே நீதி.

வணிகம் வளர்வதை மார்க்கம் தடுக்கவில்லை. எத்தனை கிளை கண்டாலும், அங்கெல்லாம் நம் பெயரால் பேசும் நாவுகளுக்கு நாமும் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் என்பதை மறவாதிருப்போமாக.