இடம் கேட்டுக் கட்டிய பிராது

விருத்தாசலத்துக்கு அண்மையில், மணவாளநல்லூரில் எழுந்தருளியிருக்கும் கொளஞ்சியப்பர் சந்நிதியில், வேறு தலங்களில் காண்பதற்கரிய ஒரு வழக்கம் உண்டு. தெய்வத்திடம் வாயால் முறையிடுவதோடு அங்கே பக்தர்கள் நிறுத்திக்கொள்வதில்லை. கச்சேரியில் மனுக் கொடுப்பவரைப் போல, இன்ன ஊரில் இன்ன தெருவில் வசிக்கும் இன்னார் எழுதிக்கொண்டது என்று தொடங்கித் தம் குறை முழுவதையும் காகிதத்தில் எழுதி, சுவாமியின் திருவடியில் வைத்துப் பூஜித்து வாங்கி, சுருட்டி நூலால் சுற்றி, முனியப்பர் முன்னிலையில் கட்டிவிட்டுப் போகிறார்கள். பிராது கட்டுதல் என்று இதற்குப் பெயர். களவுபோன நகை, கொடுத்துத் திரும்பாத கடன், பிரிந்து வாழும் தம்பதி, பங்காளிச் சண்டை என்று பலவகை வழக்குகளும் அங்கே ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு தொங்குகின்றன. காரியம் கைகூடியபின் பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதும் வழக்கமே. தீர்ந்த வழக்கைத் தெய்வத்தின் முன்னிலையில் நிலுவையாக வைத்திருப்பது மரியாதையன்று என்பது அவர்களுடைய எண்ணம்.

தன் மகளுக்கு வைத்தியக் கல்லூரியில் ஓர் இடம் கிடைக்க வேண்டும் என்று ஒரு தாய் அங்கே பிராது கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அவளுடைய பக்தியில் குறையில்லை. ஆசையிலும் அதர்மம் ஏதும் இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் பிராது என்றால் பிரதிவாதி ஒருவர் உண்டு. களவுபோன நகைக்குத் திருடன் பிரதிவாதி; திரும்பாத கடனுக்குக் கடன்காரன் பிரதிவாதி. வைத்தியக் கல்லூரி இடத்துக்குப் பிரதிவாதி யார்? 2024-ஆம் ஆண்டில் நீட் தேர்வை எழுதியவர்கள் 23 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். நாடு முழுவதிலும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்துக்குச் சற்றே அதிகம். ஆகையால் ஓர் இடம் எனக்கு வேண்டும் என்னும் விண்ணப்பம், அது இன்னொருவருக்கு வேண்டாம் என்னும் விண்ணப்பமாகவும் தன்னையறியாமல் ஆகிவிடுகிறது. அந்த இன்னொருவர் தர்மபுரியிலோ தென்காசியிலோ இருக்கும் முகமறியாத ஒரு குழந்தை. அதன் தாயும் தன் ஊர்த் தெய்வத்தின்முன் கைகூப்பி நிற்பவளே. இருவருக்கும் பொதுவான ஒரு தெய்வம் இந்த இரண்டு மனுக்களையும் எப்படித் தீர்க்க முடியும்?

தகுதியுள்ளவருக்குத் தெய்வம் கொடுக்கும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் வைத்தியம் படிக்கத் தகுதி எது என்பதில் மனிதர்கள் ஒரு காலத்திலும் ஒருமனப்பட்டதில்லை. சரக சம்ஹிதையின் விமானஸ்தானத்தில், எட்டாம் அத்தியாயத்தில், ஆயுர்வேதம் கற்க வரும் சீடனிடம் ஆசிரியன் பரிசோதிக்க வேண்டிய லட்சணங்கள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. சாந்தமும் சத்தியத்தில் பற்றும், கோபமின்மையும் பேராசையின்மையும், கல்வியில் இடைவிடாத ஈடுபாடும், எல்லா உயிர்களிடத்தும் தயையும் அவற்றுள் அடங்கும். அவற்றோடு செம்மையான கண், செம்மையான மூக்கு, மெல்லிய சிவந்த நாக்கு முதலிய அங்க லட்சணங்களும், வைத்தியர் குலத்தில் பிறந்திருப்பதும், அல்லது அந்த வித்தைக்குரிய இயல்பைப் பெற்றிருப்பதும் சேர்த்து எண்ணப்படுகின்றன. சுசுருத சம்ஹிதை வர்ணத்தையும் கேட்கிறது. குணத்தைத் தேடிப் புறப்பட்ட பழைய சாஸ்திரம், வழியில் பிறப்பையும் மூக்கையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் அதே அத்தியாயம், சீடனை ஆசிரியன் சோதிப்பதற்கு முன்னால், தான் கற்கப்போகும் சாஸ்திரத்தையும் கற்பிக்கப்போகும் ஆசிரியனையும் சீடன் சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விதித்திருக்கிறது. இக்காலத்து விண்ணப்பதாரருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

நம் மாகாணத்தின் அண்மைச் சரித்திரமும் இதே கதையைத்தான் சொல்லுகிறது. வகுப்புவாரி அரசாணையின்படி பதினான்கு இடங்களுக்கு ஆறு, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்று என்று சமூகங்களுக்குப் பங்கிட்ட காலம் ஒன்று இருந்தது. 1951-இல் உச்ச நீதிமன்றம் செண்பகம் துரைராஜன் வழக்கில் அதைச் செல்லாதென்று தீர்த்தது. அந்த அம்மையார் வைத்தியக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. ஆனால் அவர் தொடுத்த வழக்கின் பயனாக அரசியல் சட்டம் அதே ஆண்டில் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. பிறகு நேர்முகத் தேர்வின் காலம் வந்தது. 1970-இல் தீர்ப்பான பெரியகருப்பன் வழக்கின் விவரங்களைப் பார்த்தால், நேர்முகத்துக்கு 75 மதிப்பெண் ஒதுக்கி, விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்குப் புறம்பான சேவை, உடல் வலிமை, பொதுத் திறமை, நாட்டம் என்னும் ஐந்து தலைப்புகளில் அதை வழங்க வேண்டும் என்று விதித்திருந்தும், தேர்வுக் குழுவினர் தலைப்புவாரியாகப் பிரிக்காமல் மொத்தமாகவே மதிப்பெண் போட்டார்கள் என்று தெரிகிறது. சரகர் தேடிய குணங்களைச் சில நிமிஷ நேர்காணலில் எடைபோட முயன்ற முயற்சி அது. அதில் தயையைக் காட்டிலும் சிபாரிசுக்கு அதிக எடை கிடைத்துவிடக்கூடும் என்னும் சந்தேகம் ஜனங்களுக்கு இருந்ததில் வியப்பில்லை. 1984-இல் நுழைவுத் தேர்வு வந்தது. 2007-இல் அது போய்ப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. 2017-இல் நீட் வந்தது.

வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியின் நிலையை இவ்விடத்தில் தனியே எண்ணிப் பார்க்க வேண்டும். 1918-இல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியாக ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய அந்த ஸ்தாபனம், ஏழைகளுக்கு ஊழியம் செய்யும் மனோபாவத்தை எழுத்துப் பரீட்சையால் மாத்திரம் கண்டுபிடிக்க முடியாது என்று நம்பி, நேரில் பலவகையாகச் சோதித்து மாணவர்களைத் தேர்ந்தெடுத்து வந்தது. பொதுத் தேர்வு கட்டாயமானபோது, 2017-ஆம் ஆண்டில், தன்னிடமிருந்த நூறு எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒன்றை மாத்திரம் நிரப்பிவிட்டு மற்றவற்றைக் காலியாக வைத்தது. கருணையை அளக்க முடியுமா என்னும் கேள்விக்கும், அளக்க முடியாததை நம்பி ஒருவரை எடுத்து ஒருவரைத் தள்ளுவது நியாயமா என்னும் கேள்விக்கும் நடுவில் அந்த ஆண்டு அக்கல்லூரியின் வகுப்பறை வெறுமையாக இருந்தது.

அதே ஆண்டில்தான் அரியலூர் மாவட்டத்துக் குழுமூரில், சுமைதூக்கும் தொழிலாளி ஒருவரின் மகளான அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1,200-க்கு 1,176 மதிப்பெண் வாங்கியிருந்தும் வைத்தியப் படிப்பில் இடமின்றி, செப்டம்பர் முதல் தேதி இறந்துபோனார். முந்திய ஆண்டின் அளவுகோலால் அளந்திருந்தால் அவர் வெற்றிபெற்றோர் வரிசையில் நின்றிருப்பார். இடைப்பட்ட காலத்தில் அந்தப் பெண்ணின் புத்தி குறைந்துவிடவில்லை, உழைப்பும் குறைந்துவிடவில்லை, தராசு மாத்திரம் மாறியது. எந்தத் தராசு நல்லது என்னும் விவாதத்தில் இங்கே நாம் இறங்க வேண்டுவதில்லை. தராசு மாறினால் மாறிவிடக்கூடிய ஒன்றை, என் சொந்தத் தகுதி, என் ஆத்மாவின் மதிப்பு என்று ஒருவர் கொண்டாடுவதும், அது இல்லையென்று இன்னொருவர் தம்மையே வெறுப்பதும் தத்துவ விசாரணைக்கு நிற்குமா என்பதே நமது கேள்வி.

விருத்தாசலத்தில் வாழ்பவர்களுக்கு இதை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இங்கேயுள்ள பீங்கான் தொழிற்பேட்டையில், ஒரே தொட்டியில் கரைத்த களிமண் குழம்பை ஒரே மாதிரியான பிளாஸ்டர் அச்சுகளில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்சி ஓரத்தில் மண் தோலாகப் படிந்ததும், மிச்சத்தைக் கவிழ்த்து வடித்துவிட்டுப் பாண்டத்தை எடுத்து, ஒட்டுத் தழும்பைச் சீவி, நிழலில் உலர்த்திச் சூளையில் அடுக்குகிறார்கள். சூளை ஆறிய பிறகு, அனுபவமுள்ள தொழிலாளி ஒவ்வொன்றையும் இடக்கையில் நிறுத்தி விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். கணீரென்று ஒலித்தால் ஒரு பக்கம். ஒலி மழுங்கினால், கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறதென்று மறுபக்கம். அந்தத் தட்டு உண்மையைத்தான் சொல்லுகிறது. ஆனால் முழுக் கதையையும் சொல்லுவதில்லை. மண்ணில் கலந்திருந்த கல்லா, அவசரப்பட்டு உலர்த்திய கையா, சூளையில் தீ அதிகமாகத் தாக்கிய மூலையில் வைக்க நேர்ந்ததா, கீறலுக்குக் காரணம் எது என்று ஒலி கூறாது. பரீட்சை மதிப்பெண்ணும் அவ்வளவே பேசும். தேர்வில் அசாதாரணமாக வெற்றி பெறுகிறவர்களிடம் கூர்மையான புத்தியும், நாள் தவறாத பயிற்சியும், தோல்வியில் குலையாத நெஞ்சும் இருக்கின்றன என்பது மெய். அவற்றோடு, விளக்கணைக்கச் சொல்லாத வீடும், பயிற்சிக் கட்டணம் கட்ட வல்ல தகப்பனாரும், ஒருமுறை தவறினால் மறுமுறை எழுத ஓராண்டு காத்திருக்கும் வசதியும் பெரும்பாலும் கூடவே இருக்கின்றன என்பதும் மெய். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடங்களைத் தனியே ஒதுக்கி 2020-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது, சூளையின் மூலையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்னும் எளிய நீதியினால்தான்.

முயற்சிக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வரலாறு அதற்கு விடையாகும். புதுக்கோட்டையில், தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்து, ஆண்கள் மாத்திரம் படித்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே இடம்பெற்று, 1907-இல் சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பட்டம் பெற்ற அந்த உறுதியை ஊழின் விளையாட்டு என்று சொல்லித் தள்ளிவிட எவருக்கும் மனம் வராது. ஆயினும் அவருக்குக் கல்லூரித் தலைவராயிருந்த ஒரு தகப்பனார் இருந்தார். அவரைப் போன்றே புத்தியும் உறுதியும் வாய்த்திருந்தும், வாசல்வரை அழைத்துச் செல்ல ஒரு கை இல்லாமையால் பெயர் தெரியாமல் மறைந்த பெண்கள் எத்தனை பேரோ! திருவள்ளுவர் முப்பத்தெட்டாம் அதிகாரத்தில் ஊழின் வலிமையை உயர்த்தி, அறுபத்திரண்டாம் அதிகாரத்தில் அந்த ஊழையே புறங்காணும் முயற்சியை உயர்த்தியிருப்பதை முரண் என்று கருதுவோர் உண்டு. எமக்கு அவை இரண்டும் வெவ்வேறு வேளைகளில் ஓத வேண்டிய பாடங்கள் என்று தோன்றுகிறது. பரீட்சைக்கு முன்னால் ஆள்வினையுடைமையை ஓத வேண்டும். முடிவு வெளியான பிறகு, வென்றவரும் தோற்றவரும் ஊழை ஓத வேண்டும். முன்னதை மறந்தவர் சோம்பேறியாவார். பின்னதை மறந்தவர் வென்றால் கர்வியாவார், தோற்றால் நொறுங்கிப்போவார்.

சமமான தகுதியுள்ளவர் பலர் இருக்கையில் ஒருவரை எடுப்பதற்கு நியாயமான காரணம் ஏதும் மனிதனிடம் இல்லை என்பதை நம் முன்னோர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, சபையின் வாரியங்களில் உறுப்பினனாவதற்கு வயது, நிலம், கல்வி, ஒழுக்கம் ஆகிய தகுதிகளை விரித்துக் கூறிவிட்டு, அவற்றையுடையவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்தது. நெதர்லாந்து தேசத்தார் 1972 முதல் நெடுங்காலம் வைத்தியக் கல்லூரி இடங்களை, உயர்ந்த மதிப்பெண்ணுக்கு அதிக வாய்ப்பளிக்கும் ஒருவகைக் குலுக்கலினாலேயே வழங்கி வந்தார்கள். இடையில் கைவிட்ட அம்முறைக்கு அண்மையில் மீண்டும் இடமளித்திருக்கிறார்கள். 2024-இல் திருத்தப்பட்ட நீட் முடிவில் 720-க்கு 720 வாங்கியவர்கள் மாத்திரம் பதினேழு பேர். அவர்களை வரிசைப்படுத்தும் எந்த விதியும் கற்றறிந்தோர் கூடிச் செய்த குடவோலையே அன்றி வேறன்று. குலுக்கலில் வந்தவன் கர்வப்பட மாட்டான் என்பதே அந்த முறையின் ஆன்மிகப் பயன்.

இப்போது தாயின் பிராதுக்கு வருவோம். அருள் வேண்டுவது தவறன்று. ஆனால் அருள் சோதனையிலிருந்து விலக்களிப்பதில்லை என்பதைத் விருத்தாசலமாகிய திருமுதுகுன்றத்துத் தலபுராணமே கற்பிக்கிறது. சுந்தரமூர்த்தி நாயனாருக்கு இத்தலத்து இறைவன் பன்னிரண்டாயிரம் பொன் அருளினார். அதை நாயனார் மணிமுத்தாற்றில் இட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார். எடுத்த பொன்னை, முன்னமே மாதிரிக்காக வெட்டி வைத்திருந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. மீண்டும் பாடி வேண்டிய பிறகே நேராயிற்று. ஈசன் கையிலிருந்து நேரே வந்த பொன்னுக்கும் உரைகல் உண்டென்றால், பரீட்சையைத் தவிர்த்து இடம் தருமாறு எந்தத் தெய்வத்தைக் கேட்பது?

கேட்கத் தக்கவை வேறு உண்டு. மனம் கலங்காமல் எழுதவேண்டும் என்று கேட்கலாம். கிடைத்தால் செருக்கும், கிடைக்காவிட்டால் சோர்வும் வராதிருக்கக் கேட்கலாம். வைத்தியனாகும் விருப்பத்தில் பணத்தாசை எவ்வளவு, தயை எவ்வளவு என்று தன்னைத் தான் அறியும் தெளிவைக் கேட்கலாம். இவற்றுக்குப் பிரதிவாதி இல்லை. இரண்டு தாய்மாரும் கேட்கலாம், இருவருக்கும் தெய்வம் கொடுக்கலாம்.

இடத்தையே கேட்கும் மனுக்கள் இரண்டும் ஒருங்கே பலிக்க வேண்டுமாயின், இடங்கள் இரண்டாவதன்றி வேறு வழியில்லை; அதைச் செய்வது மனிதர் கையில்தான் இருக்கிறது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொரு வைத்தியக் கல்லூரிகளுள் அரியலூரும் கள்ளக்குறிச்சியும் இருந்தன. விருத்தாசலத்துக்கு இருபுறமும் உள்ள மாவட்டங்கள் அவை. முகமறியாத குழந்தையைத் தள்ளிவிடாமல் நம் குழந்தைக்கு இடம் பெற்றுத்தரும் பிரார்த்தனை அவ்வகையான காரியங்களே. ஆதலால் வெற்றிபெற்ற மாணவர் தம் பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் நாளில், தகுதியினால் அடைந்தேன் என்பதோடு, வேறு ஒருவரும் இருந்திருக்கக்கூடிய இடத்தில் இருக்கிறேன் என்பதையும் எண்ணிக்கொள்வது நலம். அந்த எண்ணமுள்ளவர் நோயாளியின் ஊரையும் குலத்தையும் பணத்தையும் கேட்டு வைத்தியம் செய்ய மாட்டார். சரகர் சீடனிடம் தேடிய குணங்களுள், நேர்முகத்திலும் எழுத்திலும் அகப்படாமல் போன தயை, அவரிடம் தானே வந்து சேர்ந்துவிடும்.