மஞ்சள் எங்கே நிற்கிறது

கொத்தமல்லி பூத்துவிட்டால் காலை வெயிலில் பாத்தியோரம் உட்கார ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. சிர்பிட் ஈக்கள் வரும். அந்தரத்தில் அப்படியே நிற்கும். நம் நிழல் விழுந்ததும் ஒரு முழம் விலகி, மறுபடி நிற்கும். குளவி என்று பிள்ளைகள் ஒதுங்குவார்கள். பறவைகளும் அப்படித்தான் ஏமாறுகின்றன. இந்த ஈக்களுக்குக் கொடுக்கே கிடையாது. இரண்டே இறக்கை, குட்டை உணர்கொம்பு, தலை நிறையக் கண்.

*

மஞ்சளும் கறுப்பும் சிர்பிட் இனங்கள் பலவற்றுக்குப் பொது. நிறம் எந்த இடத்தில் நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

எபிசிர்பஸ் பால்டியேட்டஸுக்கு வயிறு ஆரஞ்சு. நடுக் கண்டங்களின் பின்னோரத்தில் தடித்த கறுப்புப் பட்டை, அதற்கு முன்னால் மெல்லிய கோடு ஒன்று. பட்டையும் கோடும் சேர்ந்து தெரிந்தால் வேறெதையும் தேட வேண்டாம்.

இஸ்கியோடான் ஸ்குட்டெல்லாரிஸுக்கு அடையாளம் மார்பில். இரு ஓரத்திலும் வேட்டிக்கரை போட்டதுபோல் பளிச்சென்று மஞ்சள். வயிற்றின் இரண்டாம் கண்டத்தில் ஒட்டாத இரு மஞ்சள் திட்டுகள், அவற்றின் கீழே வளைந்த பட்டைகள்.

எரிஸ்டாலினஸ் என்றால் நேரே கண்ணைப் பார்க்கலாம். சில இனங்களில் கண் முழுக்கப் புள்ளி தெளித்திருக்கும், சிலவற்றில் கோடு. இவ்வளவு அழகான கண், புழுவாக இருந்த காலத்தைத் தேங்கிய அழுக்கு நீரில், வால் போன்ற மூச்சுக்குழலை மேலே நீட்டிக்கொண்டு கழித்தது.

*

ஆணா பெண்ணா என்பதையும் கண்ணே சொல்லிவிடும். பெரும்பாலான இனங்களில் ஆணுக்கு இரு கண்களும் உச்சியில் ஒட்டும். பெண்ணுக்கு நடுவே இடைவெளி.

*

எபிசிர்பஸ் கூட்டுப்புழுவாக இருக்கும்போது குளிர் அதிகமென்றால் கறுப்பு அகலமாகும். வெப்பம் கூடினால் ஆரஞ்சு பரவும். ஒரே இனம்தான். பருவத்தை வயிற்றில் எழுதிக்கொண்டு வருகிறது. நிறத்தின் அடர்த்தியை வைத்துப் பெயர் சூட்டுகிறவர்கள் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

*

பிரிட்டிஷ் இந்திய விலங்கின நூல்வரிசையில் இந்த ஈக்களுக்கான தொகுதியை 1923இல் எழுதியவர் என்ரிகோ புருனெட்டி. அவர் இசைக்கலைஞரும்கூட. கண்டம் கண்டமாகக் கோடுகளை எண்ணும் அந்தப் பொறுமைக்குத் தாளம் உதவியிருக்குமோ என்னவோ.

*

பக்கத்து அவரைக்கொடியின் நுனியில் அசுவினி அப்பியிருக்கிறது. நடுவே காலில்லாத, பச்சை கலந்த சிறு புழு. ஓர் அசுவினியைக் கவ்வி உயர்த்தி, சாறு முழுதும் உறிஞ்சி, சக்கையை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடுகிறது. பட்டையும் இல்லை, புள்ளியும் இல்லை. இதைப் பார்த்து இனம் சொல்ல எனக்குத் தெரியாது. பூச்சிமருந்து அடிக்காமல் விட்டால் ஈயாகி வந்து அதுவே சொல்லும்.